கரையில் ஓங்கில் ஒதுங்கினால் முதல் ஒரு மணி நேரம்: உடனே கடலுக்குள் தள்ளலாமா?

தேரிக்கரை:
வணக்கம். மணப்பாடு பக்கம் கரையோர ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு அமைக்கிறோம். ஓங்கிலோ (எங்கள் பக்கம் கடல்பன்றி என்றும் சொல்வார்கள்) சிறிய திமிங்கிலமோ உயிரோடு ஒதுங்கினால், வனத்துறையும் கால்நடை மருத்துவரும் வந்து சேரும் வரை என்ன செய்ய வேண்டும்? "தண்ணிக்குள்ள போனாத்தான் பிழைக்கும், வாலைப் பிடிச்சு இழுத்து உள்ளே விடு" என்கிறார்கள் பெரியவர்கள். ஆனால் 2016 ஜனவரியில் எங்கள் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் (ஓங்கில் குடும்பத்தின் பெரிய இனம்) ஒதுங்கியபோது, தள்ளிவிட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே வந்தன. அது ஏன்? என்ன சாமான் வாங்கி வைக்கலாம்?

நீரோட்டம்:
தம்பி, உடனே தள்ளாதீர்கள். ஓங்கில் மீன் இல்லை. நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. மணலில் கிடப்பதால் அதற்கு மூச்சு முட்டாது. அதைக் கொல்வது இரண்டு: சூடும், சொந்த உடம்பின் பாரமும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கடலின் குளிருக்காக அமைந்தது. நம் ஊர் வெயிலில் அதுவே கம்பளியாகிவிடும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடை கரையில் நெஞ்சையும் தசையையும் நசுக்கும். இந்த இரண்டையும் தணித்த பிறகுதான் கடல்.

முதலில் தகவல். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. வனச்சரக அலுவலக எண்ணைக் குழுவில் எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள்.

அடுத்து கிடை. ஒருக்களித்துக் கிடந்தால் கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கும். அலையடிக்கும்போது தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீர் போகும். வயிறு கீழே, முதுகு மேலே வரும்படி மெல்ல உருட்டுங்கள். உருட்டும்போது அடியில் வரும் பக்கத் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ள வேண்டும். துடுப்பையோ வாலையோ கைப்பிடியாக்கி இழுத்தால் மூட்டு கழன்றுவிடும், முதுகெலும்பும் கெடும். நிமிர்ந்ததும் இரண்டு பக்கத் துடுப்புக்கும் வாலுக்கும் கீழே குழி தோண்டுங்கள். துடுப்பு மணலில் மடங்காமல் தொங்கும், குழியில் தண்ணீரும் நிற்கும்.

பிறகு குளிர்ச்சி. பழைய பருத்தி வேட்டி, புடவை, கோணிச்சாக்கு எது கிடைத்தாலும் கடல்நீரில் நனைத்துப் போர்த்துங்கள். மூச்சுத்துளையைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட வேண்டும். முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, வால் மூன்றும்தான் அது சூட்டை வெளியே விடும் இடங்கள், அதிகத் தண்ணீர் அங்கேதான் போக வேண்டும். ஒருவர் மூச்சை மட்டும் பார்க்கட்டும். துளை திறந்து "புஸ்" என்று விட்டு மூடிய பிறகே வாளியைக் கவிழ்க்க வேண்டும். கண்மூடித்தனமாக ஊற்றித் துளைக்குள் தண்ணீர் போனால் நிமோனியாவில் முடியும். நாலு மூங்கில், ஒரு தார்ப்பாய் போதும், பந்தல் போட்டுவிடலாம்.

மூச்சு எண்ணுவதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓங்கிலுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 5 வரை இருந்தால் சரி. 10ஐத் தாண்டினால் கடும் துன்பத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு எழுதி வைத்தால், வந்ததும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

செய்யக் கூடாதவை: மீன் ஊட்டுவது, வாயில் தண்ணீரோ இளநீரோ ஊற்றுவது, எண்ணெய் தடவுவது (சூடு உள்ளேயே நிற்கும்), செல்ஃபி எடுக்கக் கூட்டத்தை விடுவது. அதன் மூச்சுக்காற்றில் நோய்க்கிருமி இருக்கலாம், துளைக்கு மேல் முகத்தை நீட்டாதீர்கள். கையுறை, முகக்கவசம் போடுங்கள். வாலருகே யாரும் நிற்க வேண்டாம், ஒரே அடியில் கால் எலும்பு முறியும்.

பாய்மரம்:
மேலே சொன்னதோடு, திரும்ப வந்தது ஏன் என்ற கேள்விக்கு.

பைலட் திமிங்கிலம் கூட்டமாகவே வாழும் இனம். ஒன்று கரையில் கிடந்து சத்தம் கொடுத்தால் மற்றவை விட்டுப் போகாது. ஒவ்வொன்றாகத் தள்ளினால், தள்ளிய ஒன்று கரையில் கிடக்கும் உறவின் குரலுக்குத் திரும்பும். கரையின் வாகும் ஒரு காரணம். மெல்லச் சரியும் மணல் தரை, அவை அனுப்பும் ஒலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. எதிரே கரை இருப்பதே புலப்படாது. 1973 ஜனவரியிலும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியிருக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க இலங்கையின் பாணந்துறை. 2020 நவம்பர் 2 அன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. கடற்படையும் ஊர் மக்களும் விடிய விடிய நின்று, ஜெட் ஸ்கீகளின் உதவியோடு ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். மிகச் சிலவே இறந்தன. முழங்கால் தண்ணீரில் விட்டுவிட்டு வந்துவிடாமல் ஆழம் வரை கூட்டிப் போனதுதான் நாம் கற்க வேண்டியது. முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தாங்கிப் பிடித்து, நீர் ஏறும் நேரத்தில் சேர்த்து விட வேண்டும். தாயும் குட்டியும் என்றால் ஒன்றைத் தனியே விடவே கூடாது.

மருத்துவர் விடலாம் என்ற பிறகும் அவசரம் வேண்டாம். இரண்டரை மீட்டர் ஓங்கில் 200 கிலோவை நெருங்கும். துடுப்புக்கு இரண்டு ஓட்டை வெட்டிய கனத்த தார்ப்பாயைத் தூளியாக்கி, பக்கத்துக்கு நாலு பேர் தூக்கினால் சரியாக இருக்கும். அலை மடங்கும் இடத்தைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் தலை கடலைப் பார்க்க, துளை மேலே இருக்கும்படி தாங்குங்கள். நெடுநேரம் கிடந்த தசை மரத்துப் போயிருக்கும். இடமும் வலமும் மெல்ல ஆட்டிக் கொடுத்தால் அரை மணியில் சமநிலை வரும். தானே நிமிர்ந்து மிதந்து, தானே எழும்பி மூச்சு விட்டால் கையை எடுக்கலாம். திரும்பத் திரும்பக் கரைக்கு வந்தால் அது நோயாளி. மறுபடி தள்ளுவது சித்திரவதை. முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.

தேரிக்கரை:
மிக்க நன்றி அண்ணே. வலையில் மாட்டும் ஆவுளியாவுக்கும் (கடல் பசு) புள்ளிபோட்ட பெரிய திமிங்கிலச் சுறாவுக்கும் இதே முறைதானா?

நீரோட்டம்:
இல்லை, இரண்டும் வேறு வேறு.

ஆவுளியாவும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மூக்குத்துளை மூஞ்சியின் நுனியில் மேல்பக்கம் இருக்கிறது. அடியில் போட்ட திருக்கை வலையில் மாட்டினால் சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துவிடும். அதனால் முதல் வேலை, வலையை அறுப்பதற்கு முன்பே, மூஞ்சியை நீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பது. நுனி மழுங்கிய வளைகத்தியால், கத்தி முதுகு தோலைப் பார்க்க, தலைப்பக்கமிருந்து அறுங்கள். வால் கடைசியில். முன்பே விட்டால் உதறி மீதி வலையோடு ஓடிவிடும், அந்தத் துண்டே பின்னால் அதைக் கொல்லும். படகில் ஏற்றவோ வாலில் கயிறு கட்டி இழுக்கவோ கூடாது. மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒரு குட்டி, அதுவும் பதின்மூன்று மாதம் சுமந்து ஈனும் உயிர் இது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் அதற்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். தானாக மாட்டியதை விடுவித்துத் தகவல் சொன்ன மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. வழக்கு வருமோ என்று பயந்து மறைக்க வேண்டாம் என்று ஊரில் எடுத்துச் சொல்லுங்கள்.

திமிங்கிலச் சுறா பெயரில்தான் திமிங்கிலம், அது மீன். செவுளால் மூச்சு விடுவதால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. வாலைக் கட்டிப் பின்னோக்கி இழுத்தால் தண்ணீர் செவுளில் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து மூச்சு அடைத்துவிடும். தண்ணீரிலேயே வைத்து வலையை அறுத்து, தலை கடலைப் பார்க்க வழி விடுங்கள். ஓங்கில், ஆவுளியாவைப் போல இதுவும் 1972 வனவுயிர் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது.

உப்பளம்:
ஒதுங்கியது இறந்திருந்தால்: நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை, உடம்புக்குப் பக்கத்தில் நாடாவை நேராகப் பிடித்து அளக்க வேண்டும். முதுகின் வளைவோடு அளந்தால் கூடுதலாக வரும், அந்தப் பதிவால் பயனில்லை. பக்கவாட்டு, வயிறு, பல்வரிசை, முதுகுத் துடுப்பு, வலைத் தழும்பு ஒவ்வொன்றையும் அருகில் ஒரு அடி ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஊதிய வயிற்றைக் குத்தாதீர்கள், உள்ளே வாயு அழுத்தத்தோடு இருக்கும்.

சாமான்: பத்து வாளி, இருபது பழைய பருத்திப் புடவை, இரண்டு தார்ப்பாய் (ஒன்று துளையிட்டது), மண்வெட்டி மூன்று, வளைகத்தி இரண்டு, கையுறை, அளவு நாடா, கூட்டத்தைத் தடுக்க ஐம்பது மீட்டர் கயிறு. எல்லாம் ஒரே டிரம்மில், கரைக்குப் பக்கத்து வலைக்கூடத்தில் இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.