பெரிய தக்காளி: பூ கொட்டுகிறது, பிடித்த காய் அடியில் கறுக்கிறது. அவசரம்!

புதுத்தொட்டி:
வணக்கம். மாடியில் பெரிய ரகத் தக்காளி வைத்திருக்கிறேன். செடி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பூ எல்லாம் காம்போடு கொட்டுகிறது. பிடித்த ஒன்றிரண்டு காயும் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து, குழிந்து, தோல்போல் ஆகிவிடுகிறது. என்ன தெளிக்கலாம்? பிள்ளைகள் லீவுக்கு வருவதற்குள் நாலு பழமாவது பறிக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி:
எந்த ஊர்? என்ன ரகம்? எப்போது நட்டது? செடி வைத்த பை என்ன அளவு? படம் இருந்தால் போடுங்கள்.

வெண்டைப்பூ:
தேமோர் கரைசல் அடியுங்கள் அக்கா. புளித்த மோரும் தேங்காய்ப் பாலும் சரிசமம் கலந்து ஒரு வாரம் புளிக்கவிட்டு, பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். என் கத்தரியில் பூ நின்றது இதனால்தான். தக்காளிக்கும் கேட்கும்.

மேற்குமாடி:
பூ கொட்டினால் முதலில் மகரந்தச் சேர்க்கையைப் பாருங்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் நடுவில் உள்ள மஞ்சள் குழலுக்குள் இருக்கும், அதிர்ந்தால்தான் உதிரும். தேனீக்கு அப்படி அதிரவைக்கத் தெரியாது. கருவண்டுபோல் ரீங்காரமிட்டு வரும் பெரிய மரத்தேனீதான் அந்த வேலையைச் செய்யும். நகர மாடியில் அது எங்கே வரப்போகிறது? காலை வெயில் ஏறுவதற்குள் பூங்கொத்தின் காம்பில் பேட்டரி டூத்பிரஷ்ஷை ஒரு நொடி வையுங்கள். மஞ்சள் தூள் பறப்பது கண்ணுக்கே தெரியும்.

தொட்டிமண்:
ஒவ்வொரு பங்குனியிலும் இதே கேள்வி. பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். பகல் 35 டிகிரி தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் செத்துவிடும். செத்த மகரந்தத்தை டூத்பிரஷ்ஷால் உலுக்கினாலும் மோர் அடித்தாலும் காய் பிடிக்காது. இது பாலபாடம். பருவம் பார்க்காமல் விதைத்துவிட்டு மருந்து கேட்பதில் அர்த்தமில்லை.

கீரைப்பாத்தி:
தொட்டிமண் சார், விஷயம் சரிதான். ஆனால் அவர் ஊரே இன்னும் சொல்லவில்லை. ஓசூரா இருந்தால்?

புதுத்தொட்டி:
மன்னிக்கவும், வேலை. மதுரை. பாக்கெட்டில் பீஃப்ஸ்டேக் என்று இருந்தது. பொங்கல் கழித்து நட்டேன். பை சாதாரண சைஸ்தான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், அடியில் வழிகிற அளவுக்கு. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து வாராவாரம் தருகிறேன்.

அவரைப்பந்தல்:
அடி கறுப்பது கால்சியம் பற்றாக்குறை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள்.

மேற்குமாடி:
முட்டை ஓடு மண்ணில் கரைவதற்குள் செடியின் ஆயுள் முடிந்துவிடும். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளியுங்கள்.

வெண்டைப்பூ:
நாம் மாடியில் வளர்ப்பதே ரசாயனம் இல்லாமல் சாப்பிடத்தானே? அதையும் தெளிப்பதானால் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மேற்குமாடி:
அது பூச்சி மருந்து இல்லை அம்மா, உப்பு வகை உரம். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

நிழல்வலை:
சண்டை வேண்டாம். இலையில் தெளித்த கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. அது வேரிலிருந்து தண்ணீரோடுதான் ஏறும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குக் கால்சியம் பெரும்பாலும் குறையாக இருக்காது. தண்ணீர் ஒரு சீராகப் போகாததுதான் குறை.

புதுத்தொட்டி, ஒன்று பாருங்கள். பை ஓரத்தில் விரலை விடுங்கள். மண்ணுக்கும் பைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிவிடும். ஊற்றுவதெல்லாம் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். பார்ப்பதற்குத் தண்ணீர் நிறைய ஊற்றியதுபோல் இருக்கும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். வாளி இருந்தால் போதாது, அகலமான டப் வேண்டும். அதில் முக்கால் அடி தண்ணீரில் பையை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுங்கள். பிறகு மேலே காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ நான்கு விரல் உயரம் மூடுங்கள். காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர். பையைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், தளத்தின் சூடு வேருக்கு ஏறாது.

புண்ணாக்கை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் செடி இலையாகவே போகும், அடி கறுப்பதும் கூடும்.

கீரைப்பாத்தி:
சாதாரண சைஸ் என்றால் 12க்கு 12 அங்குலமா, 15க்கு 15ஆ? முதலாவதில் ஏறக்குறைய 20 லிட்டர் மண்தான் பிடிக்கும், இரண்டாவதில் 40. பீஃப்ஸ்டேக்குக்கு 40 வேண்டும். ஆனால் இப்போது பை மாற்றாதீர்கள், வேர் கலையும்.

தொட்டிமண்:
அதற்குத்தான் சொல்கிறேன், நாட்டு ரகம் போடுங்கள். பி.கே.எம். 1 மதுரை வெயிலுக்குத் தாங்கும். வெளிநாட்டுக் கலப்பின ஹைப்ரிடுக்கு ஏன் ஆசை?

அவரைப்பந்தல்:
பி.கே.எம். 1 நாட்டு ரகம் இல்லையே சார். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் சடுதிமாற்றம் (மரபணுவில் திடீர் மாற்றம்) செய்து பெரியகுளத்தில் உருவாக்கியது. அதேபோல் பீஃப்ஸ்டேக் எல்லாமே ஹைப்ரிடும் இல்லை. பிராண்டிவைன் மாதிரி பல ரகங்களில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம்.

தொட்டிமண்:
விதை எடுக்க முடிந்தால் எனக்கு அது நாட்டு ரகம்தான். நான் வருடக்கணக்காக எடுக்கிறேன்.

அவரைப்பந்தல்:
அப்படிப் பார்த்தால் பிராண்டிவைனும் நாட்டு ரகமாகிவிடும்.

வெண்டைப்பூ:
பி.கே.எம். 1 விதை யாரிடமாவது இருக்கிறதா? தனி இழை போடட்டுமா?

நிழல்வலை:
கேட்டவரை மறந்துவிட்டோம். புதுத்தொட்டி, இனிமேல் பூக்கிற பூவை நம்பாதீர்கள். பெரிய ரகம் காய் பிடித்துப் பழுக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சித்திரை வெயில் வந்துவிடும். செடிக்கு நல்ல காய் மூன்றோ நான்கோ விட்டு, கறுத்ததையெல்லாம் கிள்ளிவிட்டு, செடியின் நுனியையும் கிள்ளுங்கள். இலையை மட்டும் கழிக்காதீர்கள், வெயில் நேராகப் பட்டால் காயில் வெள்ளைத் திட்டு விழும். மதியத்துக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை போதும். தொடர்ந்து 30, 32 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி உருவாகாது, பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். அதனால் நிறம் திரும்ப ஆரம்பித்ததுமே பறித்து வீட்டுக்குள் வையுங்கள், நன்றாகச் சிவக்கும். அடுத்த முறை புரட்டாசிக் கடைசியில் விதை, கார்த்திகைத் தொடக்கத்தில் நடவு. மாசியில் கை நிறையப் பறிக்கலாம்.

புதுத்தொட்டி:
இடைவெளி இருந்தது, விரல் முழுதாக உள்ளே போனது. டப்பில் வைத்ததும் குமிழி நிற்கவே நேரமானது. 12க்கு 12 பைதான். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் கறுக்கவில்லை, மூன்று காய் பெருத்துக்கொண்டிருக்கிறது. பூ இன்னும் கொட்டுகிறது. எல்லோருக்கும் நன்றி.

கீரைப்பாத்தி:
வலை கட்டியாயிற்றா? காய் இப்போது என்ன எடை இருக்கும்?

வெண்டைப்பூ:
விதை இழை போட்டுவிட்டேன், வேண்டுபவர்கள் அங்கே வாருங்கள்.