பொருள்: ஐபிவி4 பதிலி, ஐபிவி6 பதிலி – பொத்தானில் என்ன எழுதுவது?

க. எழுதியது:

வணக்கம்.

பதிலிச் சேவைகளைக் கையாளும் ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கி வருகிறேன். பதிலி (ப்ராக்சி) என்பது நம் கணினிக்கும் தளத்துக்கும் நடுவே நின்று, நமக்குப் பதிலாகத் தளத்தோடு பேசும் கணினி. எல்லாம் முடிந்து மூன்று பொத்தான்கள் மிச்சம். செவ்வாய் இரவோடு சொற்றொடர்களைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு அடுத்த வெளியீட்டில்தான் கைவைக்க முடியும்.

ஐபிவி4, ஐபிவி6 என்பவை இணையத்தில் கணினிகளுக்கு முகவரி தரும் நெறிமுறையின் நான்காம், ஆறாம் பதிப்புகள். முதல் பொத்தான் ஐபிவி4 பதிலிக்கு. இரண்டாவது ஐபிவி6 பதிலிக்கு. மூன்றாவது, முதலில் ஆறை முயன்று, கிடைக்காவிட்டால் நான்குக்குப் போவதற்கு.

"பழைய முகவரி", "புதிய முகவரி" என்று எழுதி ஒருவரிடம் சோதிக்கக் கொடுத்தேன். இணையத்தில் நன்றாகப் பழகியவர், வலையமைப்பு படித்தவரல்லர். "புதிய முகவரி"யை அழுத்தினார். சில தளங்கள் திறந்தன, சில திறக்கவே இல்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். ஏன் என்று கேட்டால், "ஒவ்வொரு தடவையும் வேற முகவரி கொடுக்கும்னு நினைச்சேன்" என்கிறார். பதிலிச் சேவைகளில் அப்படி முகவரியை மாற்றித் தரும் வசதி உண்டே, அவர் நினைத்ததில் பிழையில்லை. "பழைய முகவரி"யை யாரோ பயன்படுத்திக் கழித்தது என்று எடுத்துக்கொண்டு தொடவே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆகவே புதிய, பழைய இரண்டும் வேண்டாம். பொத்தானில் 18 எழுத்து கொள்ளும். உயிர்மெய் ஒன்று, மெய் ஒன்று, இடைவெளியும் குறிகளும் சேர்த்தி. வழி சொல்லுங்கள்.

வே. எழுதியது:

அன்புள்ள க.,

எழுதியதைப் பிறரிடம் கொடுத்துப் பார்த்தீர்களே, அதற்கே பாராட்டு. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்றார் நன்னூலார். இங்கே புதியன புகுந்தன, பழையன கழியவில்லை. நான்காம் பதிப்பின் வரையறை 1981இல் வந்தது. ஆறாம் பதிப்பு 1998இலேயே எழுதப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கடந்ததைப் புதியது என்பது பொருந்தாது, இன்றும் சுமை இழுப்பதைப் பழையது என்பதும் பொருந்தாது.

எண்ணையே பெயராக்குவோம். நான்கு + முகவரி = நான்முகவரி. ஆறு + முகவரி = அறுமுகவரி. "மூன்று ஆறு ஏழ் குறுகும்" என்ற விதியால் நெடில் குறுகியே நிற்கும், "ஆறுமுகவரி" என்று எழுதிவிட வேண்டாம். ஆறுமுகம் என்ற பெயரில் நெடில் நிற்பது வழக்கு, அது தனிக்கதை. இரண்டும் ஆறே எழுத்து. பொத்தானில் இடம் மிஞ்சும்.

செ. எழுதியது:

வே. ஐயாவுக்கு வணக்கம். புணர்ச்சி சரிதான். கண் எங்கே பிரிக்கும் என்பதுதான் என் கவலை. இன்று கரும்பலகையில் இரண்டையும் எழுதி ஒரு மாணவியைப் படிக்கச் சொன்னேன். "நான்முக வரி, அறுமுக வரி" என்று நிறுத்திப் படித்தாள். ஒன்று பிரமன், ஒன்று முருகன், வரியோ அரசுக்குக் கட்டுவது. முகவரி என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. படிப்பவர் தவறான இடத்தில் பிரித்தால் அது சொல்லின் குற்றம், படித்தவர் குற்றமல்ல.

இன்னொரு சிக்கல். எண்ணைச் சொன்னதும் பிள்ளைகள் பகுதிகளை எண்ணுகிறார்கள். நான்காம் வகையில் புள்ளிகளுக்கு நடுவே நான்கு பகுதி, பொருந்துகிறது. ஆறாம் வகையில் முக்காற்புள்ளிகளுக்கு நடுவே எட்டுப் பகுதி. "ஆறு எங்கே?" என்கிறார்கள். அடுத்த கேள்வி, "ஐந்து எங்கே போச்சு?" ஐந்தாம் எண் ஒலி, ஒளியை ஓட்டமாக அனுப்பும் ஒரு சோதனை நெறிமுறைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

என் பரிந்துரை: குறுமுகவரி, நெடுமுகவரி. ஒன்று 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்), மற்றது 128 பிட். முதலாவதில் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு, இரண்டாவதில் உள்ள தொகையை எழுத 39 இலக்கம் வேண்டும். அந்த வேறுபாட்டுக்கெல்லாம் காரணம் நீளம்தான். குறில், நெடில் தெரியாத தமிழ்க் குழந்தை இல்லை. சொன்னவுடன் பிடித்துக்கொள்வார்கள்.

மா. எழுதியது:

செ. அம்மா, எனக்குப் பிடித்த சொற்கள்தான், ஆனால் உடனே இரண்டு தடை. தன் கணினியையே சுட்டும் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகையில் 127.0.0.1. ஆறாம் வகையில் ::1, அவ்வளவுதான். சுழியங்களை இரட்டை முக்காற்புள்ளியாகச் சுருக்கலாம் என்பதால் நெடுமுகவரி மூன்றே குறியில் நிற்கிறது, குறுமுகவரி ஒன்பது குறி பிடிக்கிறது. அடுத்தது, நீளமான இணைப்பைச் சுருக்கித் தரும் சேவைகளின் முகவரியைப் பலர் இப்போதே குறுமுகவரி என்கிறார்கள்.

> ஐபிவி4 பதிலி, ஐபிவி6 பதிலி

பெரிய குழப்பம் இதில் இருக்கிறது, க. பதிலிக்கு இரண்டு பக்கம். பயனரின் கணினியிலிருந்து பதிலி வரை ஒரு கால், பதிலியிலிருந்து தளம் வரை இன்னொரு கால். முதல் கால் ஆறாம் வகையாகவும் இரண்டாவது நான்காம் வகையாகவும் இருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம். "ஐபிவி6 பதிலி" என்றால் எந்தக் கால்?

உங்கள் நண்பருக்குச் சில தளங்கள் திறக்காததற்குக் காரணம் இரண்டாம் கால். தளத்துக்கு நான்காம் வகை முகவரி மட்டுமே இருந்தால், ஆறாம் வகையில் மட்டும் வெளியேறும் பதிலியால் அதைத் தொட முடியாது. நடுவில் மொழிமாற்றித் தரும் ஏற்பாடு இருந்தாலொழிய வழியில்லை. ஆறாம் வகைப் பதிலிகள் மலிவாகக் கிடைப்பதும் இதே பக்கத்துக் கதைதான். நான்காம் வகையின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது, மிச்சம் கைமாறிக் கைமாறித்தான் வருகிறது. ஆறாம் வகையில் ஒரு சிறு வலையமைப்புக்கே 64 பிட் இடம் ஒதுக்குவது வழக்கம். அதை நம்பி ஆயிரக்கணக்கான முகவரி தருகிறோம் என்று விற்பார்கள். ஆனால் தடுப்பவர்கள் அந்த 64 பிட் தொகுதி முழுவதையும் ஒரே ஆளாக எண்ணித் தடுப்பது உண்டு, ஆயிரமும் ஒரே நொடியில் போய்விடும். பயனர் தேர்வது உண்மையில் வெளியேறும் முகவரியை. முதலில் அந்தக் கருத்துக்குச் சொல் வேண்டும். "வெளிமுகவரி" எப்படி?

செ. எழுதியது:

மா. தம்பி, குறில் நெடில் என்பது எழுத்தின் அகலமா? "கொ" என்று எழுதிப் பாருங்கள், கொம்பும் காலும் போட்டு மூன்று உருவின் இடம் பிடிக்கும், ஆனால் குறில். "தீ" ஒடுங்கி நிற்கும், ஆனால் நெடில். மாத்திரைதான் அளவு. முகவரிக்கு மாத்திரை பிட். ::1 ஏட்டில் சுருங்கி நின்றாலும் உள்ளே 128 பிட்தான். சுருக்கிய இணைப்பு பற்றிய தடையை ஏற்கிறேன், அதற்கு விடை என்னிடம் இல்லை.

வே. எழுதியது:

செ. அம்மாவின் "கொ", "தீ" காட்டு அருமை. நான்முகவரியை விலக்கிக்கொள்கிறேன்.

எல்லோரும் "பதிலி"யை ஆராயாமலே ஏற்றுக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. "பதில்" அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். "மறுமொழி" என்று எழுதுகிற நாம் பதிலியை மட்டும் ஏன் விடுகிறோம்? தமிழிலேயே இதற்கு ஆழமான சொல் இருக்கிறது: வாயில். கற்பியலில் தொல்காப்பியர் தோழி, தாய், பாங்கன், பாணன், விறலியர் என்று பட்டியலிட்டு "வாயில்கள்" என்கிறார். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று, ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பவர்கள். பதிலி செய்வதும் அதைத்தானே?

தூதும் உண்டு. பரிமேலழகர் தூதை இருவகையாக்குகிறார்: தானே வகுத்துக் கூறுபவன், கூறியதைக் கூறுபவன். கோரிக்கையைப் படித்து, தேவைப்பட்டால் திருத்தி, சேமித்து வைத்ததையே எடுத்துத் தருகிற பதிலி முதல் வகை. உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல் அப்படியே கடத்துகிற சாக்ஸ் (SOCKS) நெறிமுறைப் பதிலி இரண்டாம் வகை. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய உரையில் இந்தப் பகுப்பு அணியமாக இருக்கிறது. நாம்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

மா. எழுதியது:

ஐயா, கூறியது கூறும் பதிலி, இதை நான் வகுப்பெடுக்கும்போது கட்டாயம் சொல்வேன். அந்த சாக்ஸ் ஐந்தாம் பதிப்பில் (1996) முகவரி வகைக்கென்றே ஓர் இடம் உண்டு: 1 என்றால் நான்காம் வகை, 3 என்றால் தளப்பெயர், 4 என்றால் ஆறாம் வகை. அதாவது 4 என்ற எண் அங்கே ஐபிவி6ஐக் குறிக்கிறது. வெறும் எண்ணை நம்பிப் பெயர் வைத்தால் இப்படித்தான் சிக்கும். தளப்பெயராகக் கொடுத்தால் எந்த வகையில் வெளியேறுவது என்பதைப் பதிலியே முடிவு செய்யும், அப்போது வகுத்துக் கூறும் தூதும் கொஞ்சம் கலந்துவிடுகிறது.

ஆனால் வாயில் வேண்டாம். நுழைவாயில் என்பது ஏற்கெனவே வேறொரு கருவிக்கு, ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு இணைப்பதற்கு, நிலைத்துவிட்டது, இரண்டும் ஒரே அமைப்புப் பக்கத்தில் வரும். அங்கே தடுமாறினால் விளைவு சின்னதல்ல. பதிலியை நான்காம் வகைக்கு மட்டும் அமைத்துவிட்டு, கணினியில் ஆறாம் வகை திறந்தே கிடந்ததால், என் சொந்த முகவரி தளத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் கவனிக்கவே இல்லை. மறைந்திருக்கிறோம் என்று நம்பித்தான் ஒருவர் பதிலியைப் போடுகிறார். பொத்தானில் தெளிவு இல்லையென்றால் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். "பதிலி" எங்கிருந்து வந்தால் என்ன? திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறாரே.

வே. எழுதியது:

இடம் கொடுத்தார், நம்முடையதை எடுத்துவிட்டு அதை வைக்கச் சொல்லவில்லை. பதிலிக்கு என் ஒப்புதல் இல்லை என்று பதிவு செய்யுங்கள்.

க. எழுதியது:

பதிவாகிவிட்டது ஐயா. நாளை இரவு பூட்டு, ஆகையால் இப்போதைக்கு இதை இடுகிறேன். முதல் பொத்தான் "வெளிமுகவரி: ஐபி4". இரண்டாவது "வெளிமுகவரி: ஐபி6". பதினோரு எழுத்து. பக்கத் தலைப்பில் பதிலி என்றே இருக்கும். நான்கு பேர் தனிமடலிலும் இதையே சொன்னார்கள்.

மூன்றாவதில் இன்னும் முட்டுகிறது. "முதலில் ஐபி6, பிறகு ஐபி4" என்றால் 17, கொள்கிறது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து எப்போதும் பயன்படுத்தும் என்று பொருள் வந்துவிடுகிறது. "இல்லையேல்" போட்டால் 19. ஒரே ஓர் எழுத்து மிகுகிறது.

வே. எழுதியது:

இன்றேல். நான்கு எழுத்து. எண்ணிப் பாருங்கள், 18 வரும்.

மா. எழுதியது:

எண்ணினேன், வருகிறது. ஆனால் அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு "இன்று" தெரியும். என் வாக்கு "பிறகு" என்ற சொல்லுக்கே.

க. எழுதியது:

அதே நண்பரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "ஆறு இல்லேன்னா நாலு, அதானே?" என்றார். இன்றேல் உள்ளே போய்விட்டது.

செ. எழுதியது:

நல்லது. பொத்தானில் ஐபி6 இருக்கட்டும். என் வகுப்பில் நெடுமுகவரி என்றுதான் சொல்லப் போகிறேன். நேற்றே இரண்டு பேர் தேர்வுத்தாளில் எழுதிவிட்டார்கள், மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன்.