கரண்டு போனபோது டோலக்கை அடித்தது யார்?

தேவகோட்டை ரஸ்தா

நேற்று இங்கே "மார்கழி ரசிகன்" எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: "கோடை லீவுக்குச் செட்டிநாட்டுப் பக்கம் போனால் நேரடி இசை என்று ஒன்றுமே கிடையாது. திருவிழா மேடையில் ட்ராக்கை ஓடவிட்டு வாயை அசைக்கிறார்கள். கச்சேரி கேட்க வேண்டுமென்றால் மார்கழிக்குச் சென்னை வாருங்கள்."

மூன்று நாள் வந்து தங்கி, அதில் ஒரு நாள் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் பார்க்கப் போய்விட்டு, மிச்ச நேரத்தில் எழுபது எண்பது ஊரை எடை போட்டுவிட்டார்.

ஐயா, சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி முடிகிற வரை இந்தப் பக்கம் மேடை போடாத ஊர் எது? காரைக்குடியில் கொப்புடையம்மனுக்குச் செவ்வாய்த் திருவிழா, குன்றக்குடியில் வைகாசி விசாகம், கண்டதேவியில் ஆனித் தேர். நடுவில் எத்தனையோ ஊர்களில் பூச்சொரிதல், பால்குடம், முளைப்பாரி. மண்டகப்படிக்கு மண்டகப்படி ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் பட்டிமன்றம், ஒரு நாள் வள்ளி திருமணம்.

போன செவ்வாய் எங்கள் ஊர்ப் பொட்டலில் இன்னிசைக் கச்சேரி. ஒன்பதே காலுக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. கீபோர்டு நின்றது, மைக் நின்றது, சீரியல் லைட் அணைந்தது. டோலக் மட்டும் நிற்கவில்லை. அந்த மனிதர் கும்மிருட்டில் அடித்துக்கொண்டே இருந்தார். பாடின பெண் மேடை விளிம்புக்கு வந்து வெறும் குரலில் பாடினார். கூட்டம் கைத்தாளம் போட்டது. என் அப்பத்தா பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். முழுசாய் நாலு நிமிஷம். ட்ராக் என்றால் கரண்டு இல்லாமல் நாலு நிமிஷம் எப்படி ஓடும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மார்கழி ரசிகன்

எனக்கும் அந்த ஊர்தான், அம்மா வீடு. அன்றைக்கு நானும் இருந்தேன், மேடைக்கு இடப்பக்கம். கீபோர்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதில் விரலை வைப்பார். உடனே பத்து வயலின், புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் கொட்டும். மேடையில் ஒரு வயலின்கூடக் கிடையாது. அதைத்தான் ட்ராக் என்றேன்.

டோலக் இருந்தது, மறுக்கவில்லை. வலது ஓரத்தில் பச்சை உறைக்குள் இருந்தது. கடைசி வரை உறையைக் கழற்றவில்லை. தாளத்துக்கு ஒருவர் எலெக்ட்ரானிக் பேட்தான் தட்டிக்கொண்டிருந்தார். இருட்டில் நீங்கள் கேட்டது, பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினது.

தேவகோட்டை ரஸ்தா

நாற்காலியா!

எங்கள் பெரியப்பா வீட்டில் பஜனைக்கு டோலக் வைத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட காது இது. வலந்தலை "ணங்" என்று கேட்கும். இடந்தலையில் அடித்துவிட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தித் தள்ளினால் அந்தக் "கும்" அப்படியே வளைந்து மேலே ஏறும். அந்த வளைவு நாற்காலியில் வருமா? செவ்வாய்க்கிழமை அந்த வளைவை நான் கேட்டேன்.

இன்னொன்று. உறை பச்சை இல்லை, நீலம். நிறமே தெரியாதவர் கழற்றவில்லை என்று மட்டும் எப்படிப் பார்த்தார்?

ஊரணிக்கரை

டோலக், பேட், நாற்காலி எதுவும் கச்சேரி ஆகாது. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதுதான் இந்த மண்ணின் கோடைக் கச்சேரி. அதற்குக் கரண்டும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் நாகஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்து அரை மணி நேரம் வாசித்தார். வேட்டி முழுக்க வேர்வை. தவில்காரர் விரலில் போட்டிருந்த கூடு ஒன்று உடைந்து விழுந்தது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். நின்று கேட்டவர்கள் பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன். இப்போது சண்டை போடுகிற இரண்டு பேரும் அந்தப் பதினோரு பேரில் இல்லை.

மார்கழி ரசிகன்

ஊரணிக்கரை அண்ணன் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952இல் சங்கீத கலாநிதி. மிருதங்கத்தில் காரைக்குடி மணி. 2023 மே மாதம்தான் நம்மை விட்டுப் போனார். பேருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டு ஊரைத் தூக்கி நிறுத்தினவர்கள். அந்த மண்ணில் இன்றைக்கு லேப்டாப்பும் பச்சை உறையும்.

தேவகோட்டை ரஸ்தா

நீலம்.

பெரியவர்கள் பேரை எடுத்துவிட்டீர்கள், நானும் எடுக்கிறேன். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தமிழிசைச் சங்கத்தை எங்கே தொடங்கினார்? சென்னையில். அதன் விழா எப்போது? டிசம்பரில். எங்கள் ஊர்க்காரர் பணம், எங்கள் ஊர்க்காரர் முயற்சி, உட்கார்ந்து கேட்டது நீங்கள். அப்புறம் இங்கே வந்து "இசை இல்லை" என்கிறீர்கள். எடுத்துக்கொண்டு போனவர்களே "இல்லை" என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

சினிமாப் பாட்டு என்ற இளக்காரமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனை விடவா நீங்கள் பெரிய ரசிகர்? அவர் சினிமாவுக்கே இசையமைத்தவர். மேடையில் கீர்த்தனையும் வாசித்தார், சினிமாப் பாட்டும் வாசித்தார். மிருதங்கம் இருந்த இடத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை வைத்தார். சபாவில் முகம் சுளித்தவர்களும் உண்டு, கூட்டம் மட்டும் அலைமோதியது. அவர் செய்தால் கச்சேரி, எங்கள் பொட்டலில் செய்தால் வாயசைப்பா?

குன்றக்குடியான்

ஊர்ப் பேர் குன்றக்குடி. மேலே நீங்களே விசாகத்துக்குக் குன்றக்குடி என்று எழுதிவிட்டு இங்கே குன்னக்குடி என்கிறீர்கள். முருகன் மலை இருக்கிற ஊர். பேரை ஒழுங்காக எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

உலகமே அவரைக் குன்னக்குடி என்றுதான் கூப்பிட்டது. விஷயம் அதுவல்ல. டோலக்.

குன்றக்குடியான்

எங்களுக்கு அதுதான் விஷயம். தேவகோட்டையை யாராவது தேவக்கோட்டை என்று எழுதினால் போன மாதம் இதே இடத்தில் எப்படிக் குதித்தீர்கள் என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சிங்கப்பூர் ஆச்சி

பிள்ளைகளுக்கு ஜூன் லீவு விட்டதும் ஊருக்கு வந்தோம். வீட்டு முகப்புக்கு எதிரே பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரை அடுக்கிவிட்டீர்கள். உள்வளவில் படுத்திருந்த சின்னப்பேத்தி திடுக்கென்று எழுந்து அழுகிறாள். அலமாரியில் எவர்சில்வர் தூக்குகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுகின்றன. எந்த டோலக்காக இருந்தாலும் சரி, ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்திலிருந்தே விதி இருக்கிறதே? பதினொன்றே முக்கால் வரைக்கும் ஓடியது.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, அதே விதியில்தான் திருவிழாவுக்கு வருஷத்தில் 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை அரசு அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு வாரம் வந்துவிட்டு, ஊர் உங்களுக்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

சிங்கப்பூர் ஆச்சி

பூட்டிக் கிடந்தாலும் கோயில் வரி ஒரு வருஷம் தவறியதில்லை தம்பி. எங்கள் மாமியார் இருந்த காலத்திலிருந்து மூன்றாம் நாள் மண்டகப்படி எங்களுடையது. அந்த மேடைக்கும் அந்த டோலக்குக்கும் எங்கள் வீட்டுப் பணமும் போயிருக்கிறது. வயதில் பெரியவளிடம் இப்படிப் பேசுவது நம் ஊர் வழக்கம் இல்லை. அரசு அனுமதிக்கலாம் என்றீர்கள், அந்த அனுமதியை வாங்கினீர்களா என்று சொல்லவே இல்லையே.

வரிக்கணக்கு

ஆச்சி பணத்தைப் பற்றிப் பேசியதால் கேட்கிறேன். பாட்டுக் குழுவுக்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு, ஜெனரேட்டருக்கு எவ்வளவு? பிடிக்காத ஜெனரேட்டருக்கும் வாடகை கொடுத்தாயிற்றா? போன வருஷக் கணக்கையும் கோயில் சுவரில் ஒட்டவில்லை.

பள்ளத்தூர்த் தம்பி

ஒரு நிமிஷம். நேரடி இசை என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமே? பாடுகிறவர் நிஜமாகப் பாடுகிறார், பின்னால் ட்ராக் ஓடுகிறது என்றால் அது எதில் சேரும்? பேட்டைக் கையால்தானே தட்டுகிறார், அது?

மார்கழி ரசிகன்

அதை அப்புறம் பார்க்கலாம். உறை கழன்றதா இல்லையா, அதை முடித்துவிட்டு வருவோம். ரஸ்தா அண்ணன் இவ்வளவு துடிப்பதற்குக் காரணமும் இப்போது புரிகிறது. விழாக் கமிட்டியில் அவரும் ஒருவர். குழுவைப் பேசி முடித்ததே அவர்தான். இத்தனை நேரம் அதைச் சொல்லவே இல்லையே?

தேவகோட்டை ரஸ்தா

ஆமாம், நான்தான் பேசினேன். பெருமையாகவே சொல்கிறேன். பங்குனி மாதமே மூன்று ஊருக்குப் போய் அவர்கள் பாடுவதை நேரில் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். பந்தல் கால் ஊன்றும்போது நின்றேன், நாற்காலி இறக்கும்போது நின்றேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கடைசி வண்டியை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அதனால்தான் சொல்கிறேன், டோலக்காரரை எனக்கு முகம் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாரை இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். வாசிக்கப் போகாத மனிதர் முக்கால் மணி நேரம் எதற்கு வாரை இழுப்பார்?

அந்த நாலு நிமிஷத்தைப் பொய் என்று சொன்னால் அந்த மனிதரின் விரலைப் பொய் என்று சொல்கிறீர்கள். என்னைத் திட்டுங்கள், கமிட்டியைத் திட்டுங்கள். இருட்டில் பாட்டை விடாமல் தாங்கிப்பிடித்தவரை நாற்காலி என்று சொல்லாதீர்கள்.

ஊரணிக்கரைக்கும் ஒன்று. உங்கள் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர் எங்கே? சுருதிப் பெட்டிதானே பாடுகிறது? கோயிலுக்குள் தீபாராதனைக்கு மணியும் முரசும் மோட்டாரில்தானே ஓடுகின்றன? பொத்தானை அமுக்கினால் டமடம என்று அடிக்கிறதே, அது எந்த ஊர் மல்லாரி?

ஊரணிக்கரை

ஒத்து ஊத ஓர் ஆள் போடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். "ஆளுக்கு ஒரு சம்பளம் தண்டம், பெட்டி போதும்" என்று சொன்னது உங்கள் கமிட்டி. மோட்டார் முரசை வாங்கி வைத்ததும் அதே கமிட்டி. வாங்கி வைத்துவிட்டு என்னையே கேட்கிறீர்கள். நாகஸ்வரக்காரருக்குக் கொடுப்பது எவ்வளவு, பாட்டுக் குழுவுக்குக் கொடுப்பது எவ்வளவு என்று வரிக்கணக்கு தம்பி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். பத்து நாள், இரண்டு வேளை, கொளுத்துகிற வெயிலில் செருப்பில்லாத காலோடு வீதியைச் சுற்றி வருகிறவர் அவர். அவருக்கு யாராவது டீ கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?

தேவகோட்டை ரஸ்தா

கமிட்டியில் ஒன்பது பேர். ஒத்துக்கு ஆள் போடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை.

ஊரணிக்கரை

தகவலே சொல்லவில்லை.

பள்ளத்தூர்த் தம்பி

என் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. கரண்டு போனதும் எடுத்தது, 38 நொடி. படம் முழுக்க இருட்டு, சத்தம் மட்டும்தான். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். கைதட்டல் கேட்கிறது, ஒரு குழந்தை அழுகிறது, அதற்கு அடியில் "கும் கும்" என்று ஏதோ கேட்கிறது.

தேவகோட்டை ரஸ்தா

வளைகிறதா? அந்தக் "கும்" வளைந்து மேலே ஏறுகிறதா, அதைச் சொல்.

மார்கழி ரசிகன்

38 நொடி. நாலு நிமிஷம் என்றார் அண்ணன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் தட்டினாலும் "கும்" என்றுதான் கேட்கும்.

பள்ளத்தூர்த் தம்பி

வளைகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது அண்ணே. குழந்தை அழுகிற சத்தம் அதிகம்.

சிங்கப்பூர் ஆச்சி

அழுவது எங்கள் பேத்தியாகத்தான் இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, வீடியோவை இங்கே ஏற்று. டோலக் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லட்டும். ரசிகன் ஐயா, நீங்களும் இங்கே எழுதிக்கொண்டே இருக்க வேண்டாம். வரும் செவ்வாய் அதே குழு பக்கத்து ஊரில் பாடுகிறது. முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன், வந்து உட்காருங்கள். உறையை உங்கள் கையாலேயே கழற்றுங்கள்.

மார்கழி ரசிகன்

திங்கள் காலைப் பல்லவன் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இருந்தாலும் அவர்கள் அடுத்த செவ்வாய் அடிப்பது, போன செவ்வாய் அடித்ததாக ஆகாது. உறை பச்சைதான், ஓரத்தில் மஞ்சள் பட்டை.

வரிக்கணக்கு

கணக்கு எப்போது ஒட்டுவீர்கள்?

ஊரணிக்கரை

நாளைக் காலை ஐந்தரைக்குக் கோயிலில் நாகஸ்வரம். திங்கள் வரைக்கும் ஊரில் இருக்கிறவர்கள் எழுந்து வாருங்கள். பூபாள ராகம் கேட்கலாம்.

தேவகோட்டை ரஸ்தா

வருகிறேன், டீயோடு வருகிறேன். ரசிகன் ஐயாவையும் அங்கே கூட்டி வாருங்கள். நேருக்கு நேர் கேட்கிறேன்: மஞ்சள் பட்டை வரைக்கும் பார்த்த கண்ணுக்கு, அதன் பக்கத்தில் வாரை இழுத்துக்கொண்டிருந்த மனிதர் எப்படித் தெரியாமல் போனார்?