புதுப்பிப்பு: விளைச்சலைக் கணிக்கும் மாதிரி வேதியியலைக் கற்றதா?

பக்வால்ட்–ஹார்ட்விக் வினையின் (பல்லேடியம் வினையூக்கி கொண்டு கார்பன்–நைட்ரஜன் பிணைப்பை உருவாக்கும் வினை) விளைச்சலை, அதாவது கிடைக்கும் விளைபொருளின் அளவை, ரேண்டம் ஃபாரஸ்ட் என்னும் இயந்திரக் கற்றல் மாதிரி கொண்டு கணித்த, வேதியியலாளர்கள் டாய்ல், டிரெஹர் குழுவினரின் 2018ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்த மாதிரி வேதியியலைக் கற்றதா, சோதனைத் தரவு அட்டவணையின் அமைப்பை மட்டும் கற்றதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

வினைபடும் 15 அரைல் ஹாலைடுகள், 4 ஈந்தணைவிகள் (வினையூக்கி உலோகத்துடன் இணையும் மூலக்கூறுகள்), 3 காரங்கள், 23 ஐசாக்சசோல் சேர்பொருள்கள் (வினைக்கலவையில் கூடுதலாகச் சேர்க்கப்படுபவை) ஆகியவற்றின் எல்லாச் சேர்க்கைகளும் சோதிக்கப்பட்டதால், மாதிரியைப் பயிற்றுவிக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி எனத் தரவை எழுந்தமானமாகப் பிரிக்கும்போது, சோதனைப் பகுதியில் வரும் ஒவ்வொரு பொருளும் பயிற்சிப் பகுதியிலும் வேறு துணைகளுடன் வந்துவிடுகிறது. அதே ஆண்டில் சுவாங், கைசர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் வேதியியல் பண்பெண்களுக்கு (மூலக்கூறுகளின் பண்புகளைக் குறிக்கும் எண்கள்) பதிலாக எழுந்தமான எண்களை இட்டுப் பார்த்தபோது, கணிப்பு ஏறக்குறைய அதே அளவு துல்லியமாகவே அமைந்தது. பொருள்களைப் பிரித்தறிய ஏதோ ஓர் அடையாளம் இருந்தாலே மாதிரிக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மூல ஆய்வாளர்கள் இதற்கு மறுமொழி அளித்தனர். பயிற்சியில் இல்லாத சேர்பொருள்களைக் கணிக்கச் சொன்னபோது, வேதியியல் பண்பெண்களைக் கொண்ட மாதிரியே தெளிவாக முந்தியது என்று அவர்கள் காட்டினர். என் பார்வையில், இந்த விவாதத்தின் பெரும்பயன் இந்தச் சோதனை முறைதான். ஆய்வகத்தில் நமக்குத் தேவைப்படுவது இதுவரை கலந்து பார்க்காத பொருளைப் பற்றிய கணிப்பு என்பதால், எழுந்தமானப் பிரிப்பில் கிடைத்த துல்லியத்தை மட்டும் தரும் கட்டுரைகளை நான் இனி மிகுந்த எச்சரிக்கையுடனேயே படிப்பேன்.