ட்ரெண்டுக்குப் பின்னால் போன அன்று நடந்தது: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

செக்காலைக்காரி

போன தை மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. கானாடுகாத்தானில், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வளவில், அந்த நடுமுற்றத்தில், எல்லோரும் எடுக்கிற வீடியோ தெரியும்தானே? முகப்பிலிருந்து மெதுவாக நடந்து வந்து, பாட்டு மாறுகிற இடத்தில் தூணருகே திரும்பிப் பார்ப்பது. நானும் சித்தி மகளும் அதற்காகவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனோம். காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்த வீடுகளுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்க அதுவரை தோன்றியதே இல்லை.

ஏழெட்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. அடுத்த முறை நடக்கும்போது ஒரு பெரியவர் குறுக்கே நின்றார். வளவை ஒட்டிய ஓர் அறைக்கதவின் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா, ஒரு நிமிஷம்தான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி, சுவரோரமாகவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இரண்டாங்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

வெளியே வரும்போது வாட்ச்மேன் சொன்னார்: "அது அவுகளுக்கும் பங்குள்ள வீடும்மா. ரொம்ப வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வந்திருக்காக."

அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கக்கூட இல்லை. பிறகு ஏன் போனேன்?

கோட்டையூர் வாத்தியார்

என்னுடையது சின்னது. 2025 மார்ச் கடைசியில் எல்லோரும் தங்கள் படத்தை ஏஐ செயலியில் கொடுத்து கிப்லி பாணியில் மாற்றிப் போட்டார்களே, அப்போது எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் விடாமல் போட்டார்கள். கிப்லி என்பது ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோ என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். நானும் இறந்துபோன அம்மாவின் படத்தைக் கொடுத்தேன். வந்த படத்தில் அம்மாவுக்கு மூக்குத்தி இல்லை. கண் பெரிதாக, யாரோ ஒரு பிள்ளையைப் போல இருந்தாள். அதையும் குழுவில் போட்டேன். 23 பேர் இதயம் போட்டார்கள். அன்று ராத்திரி தூங்கவில்லை.

செக்காலை அம்மா, உங்கள் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தைக்கும் தெரிகிற விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துத் தப்பாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் சராசரியாக மூன்றில் ஒரு பங்குத் தடவை அவர்களோடு சேர்ந்து தப்பையே சொன்னார். அப்படித் தனியாக உட்கார்ந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது வழுக்கினார்கள். 1969இல் வெளிவந்த இன்னோர் ஆய்வுக்காக, மில்கிராம் என்ற உளவியலாளரின் குழு நியூயார்க் தெருவில் ஆட்களை நிறுத்தி, ஒரு ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னது. ஒருவர் பார்த்தபோது போகிறவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம். ஜன்னலில் பார்க்க விசேஷமாக எதுவும் இல்லை. நம் போனில் அண்ணாந்து பார்ப்பவர்கள் 15 பேரா, லட்சம் பேர்.

பலகாரக்கடை

வாத்தியார் ஐயா, ட்ரெண்டு என்றாலே குற்றம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரி கந்தரப்பம் ஊற்றுவதை யாரோ ஒரு பெண் வீடியோ எடுத்துப் போட்டாள். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமை வருமானத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். கூட்டம் கூடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவர்களைக் கேளுங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று எனக்கும் உறுத்தல்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்து வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். வாங்கினார், போட்டோ எடுத்தார். கடையடைக்கும்போது பார்த்தால் அந்தப் பெட்டி திண்ணையில் இருக்கிறது. ஒன்றுகூட எடுத்துத் தின்னவில்லை. சூடு ஆறி எண்ணெய் பேப்பரில் ஊறியிருந்தது. என் வீட்டுக்காரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தேவகோட்டைப் பொண்ணு

பலகாரக்கடை அண்ணே, அந்த வீடியோவில் தேன்குழல் வந்திருந்தால் தேன்குழலுக்குத்தான் வரிசை நின்றிருக்கும். எங்கள் பாடத்தில் இருக்கிறது: 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 14,000க்கும் மேற்பட்டவர்களைத் ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாத தனித்தனி உலகங்களாகப் பிரித்து, யாரும் கேட்டிராத ஒரே பாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு பாட்டை மற்றவர்கள் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரிந்த உலகங்களில், ஒன்றில் மேலே வந்த பாட்டு இன்னொன்றில் கீழே கிடந்தது. மிக நல்லவை ரொம்பக் கீழே போகவில்லை, மிக மோசமானவை ரொம்ப மேலே வரவில்லை, நடுவில் இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போயின.

என் அனுபவம் ஒரு வரிதான். ஹாஸ்டலில் எல்லோரும் ஆடிய ஒரு ரீல்ஸை நானும் போட்டுவிட்டு, விடிகாலை இரண்டு மணிக்கு லைக் பார்க்க எழுந்தேன். ரூமில் நாலு பேரும் முழித்திருந்தார்கள். நாலு முகத்திலும் போன் வெளிச்சம். ஒருவரும் பேசவில்லை.

பள்ளத்தூர் மாமா

எனக்கு இதில் பெரிய அனுபவம் இல்லை, பேரன் ஊருணிப் படியில் பின்பக்கமாக இறங்கி வீடியோ எடுத்ததைப் பார்த்து உயிர் போய் உயிர் வந்தது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எதையும் பார்த்த அன்றே செய்யாதீர்கள். மூன்று நாள் விடுங்கள்; அப்போதும் ஆசை இருந்தால் அது உங்கள் ஆசை. நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். ராத்திரி போனைப் படுக்கையில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள். தண்ணீர், மாடி, ரயில் பாதை மூன்றும் எந்த வீடியோவிலும் வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். அடுத்தவர் வீட்டில் எடுத்தால் முதலில் வீட்டுக்காரரைத் தேடி ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோரும் திட்டுவதை விட்டுவிட்டு ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்னதான் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். நான் பேரனோடு உட்கார்ந்தேன். அவனுக்கு அந்தப் படி வீடியோ பிடிக்கவே இல்லையாம், வகுப்பில் எல்லோரும் போட்டுவிட்டார்களாம்.

செக்காலைக்காரி

மாமா, வீட்டுக்காரரைத் தேடு என்றீர்களே, அது எனக்குத்தான் சுட்டது.

வீடியோவை அன்றே போட்டேன், நிறையப் பேர் பார்த்தார்கள், மறுவாரம் எடுத்துவிட்டேன். வெட்டாத பதிவு ஒன்று போனில் இருக்கிறது. அதில் இரண்டு வினாடி அவர் இருக்கிறார். முகம் இல்லை, பூட்டின் மேல் கை மட்டும். சனிக்கிழமை மறுபடி கானாடுகாத்தான் போகிறேன், சேலையும் வேண்டாம் தங்கச்சியும் வேண்டாம். வாட்ச்மேனிடம் அவருடைய ஊரைக் கேட்க வேண்டும்.