செயின் எஞ்சின்னா ஆயுசுக்கும் கவலை இல்லையாம்!

ஸ்பேனர்சாமி:
"குறைஞ்ச செலவில் குடும்ப டீசல் வேன்" என்று ஒருத்தர் பட்டியல் போட்டிருக்கார். முதல் விதியே இது: 'டைமிங் பெல்ட் எஞ்சினைத் தொடாதீங்க. செயின் எஞ்சின் வாங்கினா வேனை விக்கிற வரைக்கும் கை வைக்க வேண்டாம்.' எந்த வேதத்துல இருக்கு இது? பிஸ்டனும் வால்வும் மோதிக்காம ஒரே தாளத்துல ஓட வைக்கிறதுதான் பெல்ட்டுக்கும் செயினுக்கும் வேலை. செயினும் தேயும். பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமா தேய, மொத்த நீளம் கூடும். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது, செயின் உரசி ஓடுற கைடு பிளாஸ்டிக். காலையில ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னா அது டீசல் சத்தம்னு சமாதானம் சொல்லிக்காதீங்க.

வேன்வேந்தன்:
அந்த 'ஒருத்தர்' நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை இடிக்கும், சிலிண்டர் ஹெட் காலி. செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், பெல்ட் சொல்லாமக் கொள்ளாம அறுந்துடும். இதுல விளக்க என்ன இருக்கு?

ஏழாவதுசீட்:
அண்ணன்மாரே, முதல்ல குடும்ப வேன்னா எத்தனை பேருக்குன்னு முடிவு பண்ணுங்க. ஏழு பேர், தலா 75 கிலோன்னா 525 கிலோ. அனுமதிச்ச மொத்த எடையில காலி எடையைக் கழிச்சுப் பார்த்தா, பல ஏழு சீட் வண்டியில மிச்சம் ரெண்டு பெட்டிக்குத்தான் வரும். மூணாவது வரிசையை நிமிர்த்தினா டிக்கியில என்ன நிக்கும், நடு வரிசையில மூணு குழந்தை சீட் பக்கத்துல பக்கத்துல உட்காருமா, இதெல்லாம் பட்டியல்ல இல்லையே?

ஸ்பேனர்சாமி:
வேந்தரே, செயின் பல்லு தாண்டினாலும் அதே பிஸ்டன், அதே வால்வுதான். பெல்ட்டுக்காவது கெடு எழுதியிருக்கு. எஞ்சினைப் பொறுத்து பெரும்பாலும் ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் கிலோமீட்டர், இல்லேன்னா வருஷக் கணக்கு, எது முந்துதோ அது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி, அந்த பெல்ட்டே ஓட்டுற பம்ப்னா வாட்டர் பம்ப், கூலன்ட், எல்லாம் ஒரே தடவையில மாத்தணும். பழைய பம்பை விட்டு வச்சா அதோட பேரிங் இறுகி புது பெல்ட்டையும் கொண்டு போயிடும்.

செயினுக்குக் கெடு இல்ல, அதனால யாரும் காசு ஒதுக்கி வைக்கிறதில்ல. வேலைன்னு வந்தா செயின், கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட், கவர் சீல். பல எஞ்சின்ல ஆயில் சம்ப்பும் (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறங்கணும். பிஎம்டபிள்யூவோட என்47 டீசல் எஞ்சின்ல செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. 'கை வைக்க வேண்டாம்'தான், கையே போகாது!

வேன்வேந்தன்:
என்47 எந்த வேன்ல வருது சாமி? தலைப்பைப் படிங்க. டொயோட்டா 2கேடி 2.5 டீசல் எஞ்சின் பெல்ட். அதுக்கு அப்புறம் வந்த 2ஜிடி 2.4 செயின். ஏன் மாத்தினாங்களாம்?

ஸ்பேனர்சாமி:
உங்க வாயாலயே 2கேடி வந்தது நல்லது. பல நாட்டு மாடல்ல 1,50,000 கிலோமீட்டர்ல, பெல்ட்டை மாத்துன்னு டாஷ்போர்டுல டி-பெல்ட் விளக்கு எரியும். 'சொல்லாமக் கொள்ளாம'ன்னது யாரு?

வேன்வேந்தன்:
விளக்கை ரீசெட் பண்ணிட்டு விக்கிறவன் உங்களைக் கேட்டுட்டா பண்ணுவான்? செகண்ட் ஹேண்ட்ல அந்த விளக்கை நம்பி வாங்கச் சொல்றீங்களா?

கிரீஸ்கை:
ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா? ஃபோக்ஸ்வாகன் டி5ல வந்த ஐந்து சிலிண்டர் 2.5 டிடிஐ. பெல்ட்டும் இல்ல, செயினும் இல்ல, எல்லாம் பல்சக்கரம். சண்டை முடிஞ்சது.

ஸ்பேனர்சாமி:
அதே எஞ்சின்ல வால்வைத் திறக்கிற தண்டு, அதான் கேம்ஷாஃப்ட், தேயுறதை வசதியா மறந்துட்டீங்க. அப்புறம், எல்லா பெல்ட்டும் நல்லதுன்னு நான் சொல்லவே இல்ல. ஃபோர்டு 2.0 எக்கோபுளூ டீசல் பலதுல பெல்ட் ஆயிலுக்குள்ள ஓடுது. உதிர்ற துணுக்கு ஆயில் பிக்கப் சல்லடையை அடைச்சா பிரஷர் போச்சு. நான் பேசுறது காய்ஞ்ச பெல்ட். பெஜோ-சிட்ரோயன் 2.0 ஹெச்டிஐ மாதிரி.

வேன்வேந்தன்:
ஆக, பெல்ட்லயும் தொடக்கூடாதது இருக்கு. நான் அதைத்தானே சொன்னேன்.

நெடுஞ்சாலை:
தினம் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடைன்னு ஓட்டுறவங்களுக்கு டீசலே எதுக்கு? புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப்ல படிஞ்ச கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேணும். பத்து இருபது நிமிஷம் விடாம ஓடணும். நடுவுல நிறுத்தி நிறுத்தி, கடைசியில வண்டி இழுவையைக் குறைச்சுக்கிட்டு லிம்ப் மோடுக்குப் போயிடும்.

ஸ்பேனர்சாமி:
நெடுஞ்சாலை தெரியாமலே எனக்கு சாட்சி சொல்லிட்டார். அந்தக் கரியை எரிக்கிற ரீஜெனுக்காகக் கூடுதலா பீய்ச்சுற டீசல் சிலிண்டர் சுவர் வழியா சம்ப்புக்கு இறங்கும். டிப்ஸ்டிக்ல மட்டம் ஏறும். 'ஆயிலே குடிக்காத வண்டி'ன்னு சந்தோஷப்படுவாங்க! கரியும் டீசலும் கலந்து நீர்த்த ஆயில்தான் செயினோட எமன். 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில்னு புத்தகம் சொன்னா பாதியிலேயே மாத்துங்க. தயாரிப்பாளர் கேட்கிற குறைஞ்ச சாம்பல் ஆயில்தான் ஊத்தணும், டிபிஎஃப்ல சேர்ற சாம்பல் கரி மாதிரி எரிஞ்சு போகாது. ஆனா ஆயில் பத்தின இழையில 'சி3, ஏ3 (சி3தான் சாம்பல் குறைஞ்ச ரகம்) எல்லாம் ஒண்ணுதான்'னு சொன்ன மேதைகிட்ட இதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

வேன்வேந்தன்:
நான் சொன்னது 5டபிள்யூ-30ங்கிற பிசுக்கு அளவைப் பத்தி. திரிக்காதீங்க. அந்த இழையை நீங்கதான் பூட்டச் சொல்லி ஓடினீங்க.

ஏழாவதுசீட்:
ஸ்லைடிங் கதவு வேணுமா வேண்டாமான்னாவது...

வேன்வேந்தன்:
இருங்க தம்பி.

ஸ்பேனர்சாமி:
வாங்கப் போறவங்களுக்கு: எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போது போய் நில்லுங்க. விக்கிறவர் ஏற்கெனவே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. கிளட்சை மிதிச்சதும் சத்தம் மாறினா கிளட்ச் பக்கத்துல இருக்கிற டூயல் மாஸ் ஃபிளைவீலையோ (கனமான சக்கரம்) ரிலீஸ் பேரிங்கையோ சந்தேகப்படணும். மிதிச்சும் மாறாம செயின் கவர் பக்கமே கேட்டா செயின். ஸ்கேனர்ல பி0016ங்கிற கோளாறு எண் வந்தா, கேம்ஷாஃப்ட்டும் பிஸ்டனோட சேர்ந்து சுத்துற கிராங்க்கும் ஒத்துப் போகலன்னு அர்த்தம். சென்சாரோ ஒயரிங்கோ கூட காரணமா இருக்கலாம். ஆனா அந்தக் கடகடவும் கூட இருந்தா நடையைக் கட்டுங்க.

வேன்வேந்தன்:
இவ்வளவு நீளமா எழுதியும் கேட்டதுக்குப் பதில் இல்ல. விளக்கை ரீசெட் பண்ண முடியுமா முடியாதா?

ஸ்பேனர்சாமி:
மேல் கவரை மட்டும் கழட்டி பெல்ட்டைக் கண்ணால பார்க்க முடியுமா முடியாதா? உங்க செயினை அப்படிக் காட்டுங்க பார்ப்போம்.

வேன்வேந்தன்:
முதல்ல விளக்கு.

கிரீஸ்கை:
பல்சக்கரத்துக்கு விளக்கும் வேண்டாம், கவரும் வேண்டாம்.