ஃப்ராங்க் ஸாப்பாவ எந்த ஆல்பத்துல ஆரம்பிச்சீங்க? மாட்டிக்கிட்ட கதை, தப்பிச்ச கதை எல்லாம் போடுங்க

களியக்காவிளை மக்கா:

சுத்தி வளைக்காம சொல்லிருதேன். திருவனந்தபுரத்துல படிக்கும்போ ரூம்மேட் ஒருத்தன், திருச்சூர் காரன், அவன்ட்ட இருந்து ஒரு பென்டிரைவ் வாங்குனேன். உள்ள முழுக்க ஸாப்பா, அந்த அமெரிக்க ராக் இசைக்காரரு. மனுஷன் 1966ல தொடங்கி 1993ல சாகுறதுக்குள்ள 60க்கு மேல ஆல்பம் போட்டுட்டாரு, செத்த பொறவும் வீட்டு ஆளுக பழைய டேப்ப எல்லாம் தோண்டி எடுத்து இப்ப 100ஐயும் தாண்டிப் போச்சு, உங்களுக்குத் தெரியாததா. அவ்வளவு ஃபோல்டர்ல எத தொறக்க? முதல்ல நின்னதத்தான் தொறந்தேன். முதல்ல நிக்குறது எது, நம்பர்ல பேரு தொடங்குறதுதான. 200 மோட்டெல்ஸ்.

தம்பானூர்ல பஸ் ஏறி காதுல மாட்டுனேன். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம் முழங்குது, பேண்டுக்காரனுவ ஒரு பக்கம், இடையில எவனோ பேசுதான், கோரஸ் பாடுது, எது பாட்டு எது பேச்சுன்னு ஒரு எளவும் புரியல, நெய்யாற்றின்கரை தாண்டுனப்ப பக்கத்து சீட்டு மீன்கார அம்மச்சி என் மூஞ்சியப் பாத்துட்டு "எந்தா மோனே, தலவேதனையோ"ன்னு கேட்டாவ.

திங்கக்கிழமை ரூமுக்குப் போனா அவன் கேக்குறான், எங்ஙன உண்டுன்னு. நான் அடிபொளின்னுட்டேன். "ஏது பாட்டா இஷ்டப்பெட்டது?" வாயில ஒரு பேரு வரல. அவன் கோவப்படல, ஒண்ணும் சொல்லல, லேசா சிரிச்சுட்டு கைய மட்டும் நீட்டுனான். பென்டிரைவ குடுத்துட்டேன். வருஷம் 11 ஆச்சு, எங்கயாச்சும் ஸாப்பா பேரக் கண்டா அந்த நீட்டுன கைதான் வருது. இப்பவாச்சும் ஒழுங்கா கேக்கணும். எங்க தொடங்கட்டும்?

கொழிஞ்சாம்பாறை பண்ணை:

ஏனுங் தம்பி, 200 மோட்டெல்ஸ்ல ஆரம்பிச்சா யாருக்குங்க புரியும். ஹாட் ராட்ஸ் போடுங்க, 1969. ஆறே உருப்படி, அதுல ஒண்ணுல மட்டுந்தான் பாட்டு, அதும் கேப்டன் பீஃப்ஹார்ட் வந்து தொண்டை கட்டுன மாதிரி பாடிட்டுப் போயிருவாரு. மத்ததெல்லாம் வாசிப்புதானுங்க.

நம்ம கதை சின்னது. பொள்ளாச்சில கோழித்தீவனம் ஏத்திட்டு கோபாலபுரம் செக்போஸ்ட்டுல லாரி நின்னுது, முன்னால நாப்பது வண்டி. டிரைவர் அண்ணன் எந்நேரமும் ராஜா பாட்டுதான், அன்னிக்கு அவரு போன் சார்ஜ் போயிருச்சு, என் போன செருகுனேன். பீச்சஸ் என் ரெகாலியா, மூணரை நிமிஷம். முடிஞ்சதும் அண்ணன் ஸ்டியரிங்ல தாளம் போட்டுட்டு இருந்த கைய எடுக்கல. "இன்னொருக்கா போடு"ன்னாரு. நாலு தடவ போட்டோமுங்க. அஞ்சாவது தடவ போடறதுக்குள்ள வண்டி நகந்துருச்சு. அப்ப கேட்டாரு பாருங்க, "ஏப்பா, இது எந்த ஊரு கல்யாண பேண்டு செட்டு, நம்ம பாப்பா கல்யாணத்துக்குக் கெடைப்பாங்களா?" நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாதுங்க. அவரு நெசமாத்தான் கேட்டிருக்காரு. அப்புறம் என் போன்ல பாட்டே கேக்கல அவரு.

13 கண்ணறை, செங்கோட்டை:

பண்ணை அண்ணாச்சி கோச்சுக்கக் கூடாது. எல்லாரும் ஹாட் ராட்ஸ் ஹாட் ராட்ஸ்ங்குதிய, அது வாசப்படி இல்ல, திண்ணை. அங்கேயே உக்காந்து காத்து வாங்கிட்டு எந்திரிச்சுப் போறவன்தான் நெறைய. ஸாப்பான்னா நக்கல், வாய், ஒரே பாட்டுக்குள்ள நாலு தடவ தடம் மாறுறது, அது எதுவும் இல்லாத ஆல்பத்தக் காட்டி இதான் ஆளுன்னா எப்டி. அடுத்த ஆல்பத்துக்குப் போனதும் பயந்து ஓடுதான்.

எனக்கு வாச்சது வேற. யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்னு ஆறு தொகுப்பு வந்துச்சுல்லா, கச்சேரிப் பதிவு எல்லாம் சேத்து. அதுல ஆறாவதுல தர்ட்டீன்னு ஒண்ணு, 1978 ஹாலோவீனுக்கு நியூயார்க்ல வாசிச்சது. பதிமூணு எண்ணிக்கைல போகும். கூட்டத்துக்கு எப்டி கை தட்டணும்னு ஸாப்பாவே சொல்லிக் குடுப்பாரு, பாவம் அவனுவளுக்கு வராது. எனக்கும் வரல. மூணு மாசம்! பைக்ல, பாத்ரூம்ல, ஆபீஸ் மேசைல தட்டித் தட்டிப் பாத்தேன், பத்துக்கு மேல வழுக்கிருது.

ஒரு நாள் புனலூர்ல ஒரு கோயில் கச்சேரிக்கு எங்க தெரு தவில்கார மாமாவ பைக்ல கூட்டிட்டுப் போனேன். ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டில அந்தப் பாலம் இருக்குல்லா, ரோட்ட ஒட்டி, 13 கண்ணு வச்ச ரயில் பாலம். அங்க டீக்கு நின்னோம். சும்மா மாமா காதுல ஒண்ண மாட்டி விட்டேன். மாமா டீ கிளாஸ கீழ வைக்கல. ரெண்டு சுத்து கேட்டாரு. தகதகிட, தகதிமி தகஜுணு. அவ்ளோதான். அஞ்சும் எட்டும். தொடைல போட ஆரம்பிச்சவரு கடைசி வரைக்கும் விடல, நான் எதுத்தாப்ல பாலத்துக் கண்ண ஒவ்வொண்ணா பாத்துட்டு எண்ணுதேன், சரியா வந்து விழுது.

அப்புறம் சொன்னாரு, "மாப்ள, தாளம் கெடக்கட்டும், இந்த பிடில் வெள்ளக்காரன் வில்லு இல்லடே, இது நம்ம கை." எனக்கு சிலுத்துருச்சு. ஏன்னா வாசிச்சது எல். சங்கர். மெட்ராஸ்ல பொறந்தவரு, எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ரெண்டு பேருக்கும் தம்பி, கிடார்காரரு ஜான் மெக்லாலின் கூட சக்தி பேண்டுல வாசிச்ச அதே ஆளு. 1979ல டச் மீ தேர்னு அவரு போட்ட ஆல்பத்த தயாரிச்சதே ஸாப்பாதான். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது, நானும் அதுவரைக்கும் உள்ளட்டைய வாசிச்சதில்ல, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். மூணு மாசம் கேட்டவனுக்கு வயலின் காதுல விழல, தாளத்த எண்ணிக்கிட்டு கெடந்திருக்கேன்.

வாளையார் ஆடியோ:

நான் முதல்ல கேட்டது அப்பாஸ்ட்ரஃபி, கஞ்சிக்கோட்டுல நைட் ஷிப்ட்டு, புடிச்சுது, கதை அவ்ளோதான்.

ஆனா இங்க யாரும் முக்கியமானத சொல்லல. எந்த ஆல்பம்ங்கறத விட எந்தப் பதிப்புங்கறது பெருசு. 80கள்ல சிடி வந்தப்ப ஸாப்பா தன் பழைய ஆல்பங்கள தானே நோண்டுனாரு. 1968ல வந்த வி ஆர் ஒன்லி இன் இட் ஃபார் தி மணி, அதாங்க, பீட்டில்ஸ் அட்டைய நக்கலடிச்சு அட்டை போட்டது, அதுல பழைய பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் எடுத்துட்டு வேற ஆள வச்சு புதுசா வாசிச்சு ஏத்திட்டாரு. 68ல பாடுன குரலுக்கு அடியில 80கள் டிரம்ஸ், கோயில் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிச்ச மாதிரி. 95ல வந்த சிடிலதான் பழையது திரும்புச்சு. ரூபன் அண்ட் தி ஜெட்ஸுக்கும் இதே கதிதான், அதோட அசல் 2010 வரைக்கும் சிடில வரவே இல்ல. ஹாட் ராட்ஸும் தப்பல, 87 சிடி மிக்ஸ், அதாவது பதிஞ்ச சத்தங்கள கலக்குன விதம், வேற, பழைய எல்பி தட்டு மிக்ஸ் வேற, 2012லதான் எல்பி மிக்ஸ் சிடிக்கு வந்துச்சு. பண்ணைக்காரர் லாரில போட்டது எதுன்னு அவருக்கே தெரியாது, பந்தயம். அதனால தம்பி, கேக்கறதுக்கு முன்னாடி வருஷத்தப் பாருங்க. நல்ல வயர் ஹெட்போன் வாங்குங்க, பஸ்ல கேக்காதீங்க. ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் குடுங்க. லம்பி கிரேவி கேக்கறப்ப ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேளுங்க, அதுல ஆளுங்க பேசறது பியானோவுக்குள்ள தலைய விட்டு, பெடல அமுத்தி வச்சுட்டுப் பேசுனது, பேச்சுக்கு கம்பி எல்லாம் சேந்து முனகும், சாதாரண இயர்போன்ல அது விழாது. நோட்டு போட்டு எழுதிக்கோங்க. நான் எழுதறேன், ரெண்டாவது நோட்டு ஓடுது.

கொழிஞ்சாம்பாறை பண்ணை:

வாளையார் சார், டிரைவர் அண்ணனுக்கு எந்த மிக்ஸா இருந்தா என்னங்க.

நகரி தறி வீடு:

இவ்ளோ நேரம் ஆம்பளைங்களா பேசிகினு இருக்கீங்க, ஒருத்தராவது பாட்டு வரிய பத்தி சொன்னீங்களா? வாயும் நக்கலும்தான் ஸாப்பான்னு செங்கோட்டை அண்ணன் சொல்றாரு, அந்த வாய் பொம்பளைங்கள பத்தி இன்னா பேசுதுன்னு தெரியாமலா சொல்றாரு? எனக்கு ஒருத்தர் ஷீக் யெர்பூட்டிய குடுத்து ஆரம்பிச்சு வச்சாரு, 1979, நெறைய வித்த ஆல்பமாம். ஊட்ல பாவு ஓட்டிகினே ஸ்பீக்கர்ல போட்டேன். பாபி பிரவுன்னு ஒரு பாட்டு வந்துச்சு. ட்யூன் இனிப்பா இருக்கு, அக்கா பையன், இங்கிலீஷ் மீடியம், எட்டாவது, கூடவே பாட ஆரம்பிச்சுட்டு ஒரு வார்த்தைல நின்னு "சித்தி, இதுக்கு இன்னா அர்த்தம்"னு கேட்டான் பாருங்க. பின்னாடி அம்மா நூல் சுத்திகினு இருக்காங்க. பணக்காரப் பையன் திமிர கேலி பண்ற பாட்டுதான், புரியாம இல்ல, ஆனா கேலி பண்றவருக்கே அதுல கொஞ்சம் ருசி இருக்கோன்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம். அன்னியோட நிறுத்திட்டேன், ரெண்டு வருஷம்.

திரும்ப வந்தது ஜாஸ் ஃப்ரம் ஹெல்லால, 1986. ஒரே ஒரு கிடார் ட்ராக் தவிர மத்ததெல்லாம் சின்க்ளேவியர்னு கம்ப்யூட்டர் மிஷின்ல தனியாளா செஞ்சது, கிராமி வேற வாங்கிச்சு. வார்த்தையே கெடையாது, அதான் தைரியமா போட்டேன். எங்க ஊட்ல நாலு பவர்லூம், அந்த சத்தத்துல எந்தப் பாட்டும் கேக்காது, இது மட்டும் தறியோட சேந்து ஓடுது, எது தறி எது பாட்டுன்னு தெரியாம. திடீர்னு கரண்ட் போச்சு. நாலு தறியும் நின்னுடுச்சு. போன்ல பாட்டு ஓடிகினே இருக்கு. அம்மா எழுந்து போய் மூணாவது தறிய தொட்டுப் பாத்தாங்க, அது இன்னும் ஓடுதுன்னு நெனச்சு. தறி மேல கை வச்சிகினு இருட்டுல அப்டியே நின்னு கேட்டாங்க. இன்னான்னு கேக்கல, நிறுத்துன்னும் சொல்லல.

13 கண்ணறை, செங்கோட்டை:

நகரிக்காரவிய சொல்லுதது நியாயம். நான் வாய்னு சொன்னது வேற அர்த்தத்துல, சரி, அதுக்கு முட்டுக் குடுக்கல. அந்தப் பாட்ட நானும் வீட்ல சத்தமா போட மாட்டேன்.

களியக்காவிளை மக்கா:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி ஹாட் ராட்ஸும் தர்ட்டீனும் கேட்டேன், பதிமூணு எனக்கும் வரல. ஒரு வேகத்துல அந்தப் பழைய ரூம்மேட்டு நம்பர தேடிப் பிடிச்சு வாட்ஸாப்ல மெசேஜ் போட்டுட்டேன், அன்னிக்கு நான் பொய் சொன்னேன், நேத்துதான் ஹாட் ராட்ஸ் கேட்டேன், பீச்சஸ் என் ரெகாலியா இஷ்டப்பட்டுது, அப்படின்னு. ரெண்டு மணி நேரமா நீல டிக்கு, பதிலே இல்ல, எனக்கா கையும் காலும் ஓடல.

இப்பதான் வந்துச்சு. ஒரே வரி.

"ஏது மிக்ஸாடா?"